கிரிட்டா: நூறு பிரஷ் இருக்கிறது, தொடங்குபவருக்கு ஆறு போதும்

கணினியில் படம் வரையும் மென்பொருளான கிரிட்டாவை முதன்முதலாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். வலப்பக்கம் கீழே அடுக்கியிருக்கும் பிரஷ்களில் ஒன்றைத் தொட்டு ஒரு கோடு, அடுத்ததைத் தொட்டு இன்னொரு கோடு. அரை மணி நேரத்தில் கேன்வாஸ் (திரையில் வரையும் தாள்) முழுக்கக் கிறுக்கல். எந்தக் கோடு எந்தப் பிரஷ்ஷில் வந்தது என்பது மறுநாள் நினைவில் இருக்காது. பிரஷ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக் கற்பது நல்ல வழிதான். ஆனால் கை, பென், பிரஷ் மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்று தெரியாமல் போட்டுப் பார்த்தால் ஒன்றும் மனதில் தங்காது. ஸ்கெட்ச் போடக் கற்பவருக்குக் கிரிட்டாவின் பிரஷ்கள் எந்த அளவுக்கு உதவும், எங்கே காலை வாரும் என்பதே இந்த விமர்சனம்.

முதலில் பொதுவான விஷயங்கள். கிரிட்டா கேடிஈ என்ற மென்பொருள் சமூகத்தின் திறமூல மென்பொருள், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது. ஸ்வீடிஷ் மொழியில் இந்தச் சொல்லுக்குச் சுண்ணக்கட்டி, க்ரேயான் என்று பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினால் இலவசம். ஸ்டீமிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் காசுக்கு விற்பதும் இதே மென்பொருள்தான். அங்கே தானாக அப்டேட் ஆகும், கொடுக்கும் பணம் மேம்பாட்டுக்குப் போகும். இலவசப் பதிப்பில் பிரஷ் எதையும் பூட்டி வைக்கவில்லை, படத்தின் மேல் வாட்டர்மார்க் விழாது, நாள் கணக்கும் கிடையாது. மாணவர்களுக்கு இதைத் துணிந்து பரிந்துரைக்க இதுவே பெரிய காரணம்.

பிரஷ்ஷுக்கு முன்னால் பென்

மவுஸை வைத்துக்கொண்டு பிரஷ்களை ஒப்பிடுவதில் பயனில்லை. மவுஸுக்கு அழுத்தம் தெரியாது. எல்லாப் பிரஷ்ஷையும் முழு அழுத்தத்தில் இழுத்தது போலவே கோடு விழும். பென்சில்-2 என்ற அருமையான பிரஷ்கூட மவுஸில் சாம்பல் நிற நாடா மாதிரி தட்டையாகத் தெரியும். அதைப் பார்த்து "கிரிட்டா பென்சில் சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுபவர்கள் நிறைய.

அதனால் முதலில் ஒரு பென் டேப்லெட் வேண்டும், கணினியோடு இணைத்து அதன் மேல் பென்னால் வரையும் பலகை அது. தொடக்கத்துக்கு வாக்கம் நிறுவனத்தின் 'ஒன் பை வாக்கம்' சிறிய மாடலே போதும். மாடல் எண் சிடிஎல்-472. வரையும் பரப்பு 152 x 95 மில்லிமீட்டர், பிரஷர் அளவுகள் 2048 (அழுத்தத்தை அத்தனை படிகளாகப் பிரித்து உணரும்), பென்னுக்கு பேட்டரி வேண்டாம். எக்ஸ்பி-பென், ஹூயான் டேப்லெட்டுகள் 4096, 8192 என்று பெரிய எண்களைப் போட்டு விற்கும். தொடங்குபவரின் கைக்கு 2048-க்கும் 8192-க்கும் வித்தியாசம் தெரியாது. வரையும் பரப்பு பெரிதாக இருப்பதும், பென்னின் சாய்வை டேப்லெட் உணர்வதும்தான் நிஜமான வேறுபாடு. சிடிஎல்-472 சாய்வை உணராது. அதனால் கிரிட்டாவில் உள்ள பென்சில்-5 டில்டட் என்ற பிரஷ் அதில் அதற்குரிய வேலையைச் செய்யாது. பென்னை எவ்வளவு படுக்கவைத்துத் தேய்த்தாலும் பட்டையான நிழல் விழாது. கோளாறு பிரஷ்ஷில் இல்லை, உங்கள் கையிலும் இல்லை.

டேப்லெட்டை இணைத்ததும் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். அது முட்டை மாதிரி சப்பையாக வந்தால் டேப்லெட்டின் விகிதமும் மானிட்டரின் விகிதமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இந்த டேப்லெட் ஏறக்குறைய 16:10, பெரும்பாலான மானிட்டர்கள் 16:9. டேப்லெட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் அமைப்பில் விகிதத்தைக் கட்டாயமாக்கும் தேர்வு இருக்கும், அதை டிக் செய்தால் சரியாகிவிடும். இதைச் செய்யாமலே மாதக்கணக்கில் வரைபவர்களின் கை சப்பை வட்டத்துக்குப் பழகிவிடும். பிறகு காகிதத்தில் வரையும்போது அதுவே தொந்தரவு.

விண்டோஸில் அழுத்தமே வேலை செய்யவில்லை என்றால் கிரிட்டாவின் செட்டிங்ஸில் கான்ஃபிகர் கிரிட்டா, அதில் டேப்லெட் செட்டிங்ஸ் போங்கள். பென்னின் அழுத்தத்தைப் படிக்க வின்டேப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு வழிகள் இருக்கும். இப்போது எது தேர்வாகியிருக்கிறதோ அதை விட்டு மற்றதுக்கு மாற்றி, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். மூடித் திறக்காமல் சோதித்துவிட்டு "மாற்றியும் பயனில்லை" என்று சொல்பவர்கள் அதிகம்.

அதே பக்கத்தில் அழுத்தத்துக்கான வளைகோடு ஒன்று இருக்கும். இந்த மென்பொருளில் தொடங்குபவருக்கு இதைவிட முக்கியமான அமைப்பு வேறில்லை, ஆனால் இதைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. பந்துமுனைப் பேனாவில் அழுத்தி எழுதிப் பழகிய கைக்கு எல்லாப் பிரஷ்ஷும் ஒரேயடியாகத் தடிமனாக, கறுப்பாக விழும். அப்படியானால் வளைகோட்டின் நடுவைக் கீழ்நோக்கி இழுங்கள். முழுக் கருமைக்கு இன்னும் அழுத்த வேண்டியிருக்கும், நடுத்தரச் சாயல்கள் கைக்கு வந்துவிடும். லேசான கை என்றால் மேல்நோக்கி. பக்கத்திலேயே சோதனைப் பெட்டி இருக்கிறது. ஐந்து நிமிடம் இதற்குச் செலவிட்டால் நூறு பிரஷ்களும் ஒருசேர மேம்படும்.

எந்த கேன்வாஸ்

ஏ4 அளவு, 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) எடுத்தால் 2480 x 3508 பிக்சல். 8-பிட் நிறத்தில் முழுதாக நிரம்பிய ஒரு லேயருக்கே (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்றது) ஏறக்குறைய 35 மெகாபைட் நினைவகம் போகும். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் ஏழெட்டு லேயர் சேர்ந்ததும் பெரிய பிரஷ்கள் கைக்குப் பின்னால் இழுபடத் தொடங்கும். பயிற்சிக்கு 150 பிபிஐ ஏ4, அதாவது 1240 x 1754 போதும்.

பிரஷ் அளவு பிக்சலில் கணக்கு என்பதையும் மனதில் வையுங்கள். 300 பிபிஐயில் 10 பிக்சல் கோடு, அச்சில் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதே 10 பிக்சல் 150 பிபிஐயில் இரண்டு மடங்கு தடிமன். யூடியூபில் ஒருவர் "பிரஷ் சைஸ் 12" என்று சொன்னால் அவருடைய கேன்வாஸ் என்ன அளவு என்று பார்க்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது.

சோதனைத் தாள்

ஒரு கேன்வாஸைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் ஒரு வரிசை. அந்த வரிசையில் ஆறு காரியம்: லேசாகத் தொடங்கி அழுத்தி முடியும் ஒரு நீளக்கோடு, வேகமாக வீசிய ஒரு வளைவு, நெருக்கமாக இருபது சாய்வுக்கோடு, அதன் மேல் குறுக்காக இன்னும் இருபது, பென்னை எடுக்காமல் தேய்த்து நிரப்பிய ஒரு கட்டம், பென்னை எடுத்து எடுத்து நிரப்பிய இன்னொரு கட்டம். பக்கத்திலேயே பிரஷ் பெயரைக் கையால் எழுதிவிடுங்கள். ஒரு வரிசைக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

கடைசி இரண்டு கட்டங்கள் ஏன் என்றால், தொடங்குபவரை அதிகம் குழப்பும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. பேசிக்-2 ஒபாசிட்டி (நிறம் கீழே உள்ளதை மறைக்கும் அளவு), பேசிக்-3 ஃப்ளோ (மை ஒழுகும் அளவு) இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒபாசிட்டியில் பென்னை எடுக்காத வரை ஒரே அழுத்தத்தில் எத்தனை முறை அதே இடத்தில் போனாலும் கருமை ஏறாது. பென்னை எடுத்து மறுபடி வைத்தால்தான் அடுத்த படலம் ஏறும். ஃப்ளோவில் அப்படியில்லை. ஒரே இழுப்பில் திரும்பத் திரும்பப் போகப் போக மை ஊறிக்கொண்டே வரும், ஸ்கெட்ச் பேனாவை அழுத்தித் தேய்ப்பது போல.

இது தெரிந்தால் ஒரு பழைய புகாருக்கு விடை கிடைத்துவிடும்: "நிழல் போட்டால் பட்டை பட்டையாக வருகிறது." ஒபாசிட்டி பிரஷ்ஷில் சின்னச் சின்ன இழுப்பாக, எடுத்து எடுத்து நிழல் போட்டால் இரண்டு இழுப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடமெல்லாம் கரும்பட்டை விழும். ஒன்று, பென்னை எடுக்காமல் முழுப் பரப்பையும் ஒரே இழுப்பில் மூடுங்கள். அல்லது ஃப்ளோ பிரஷ்ஷுக்கு மாறி லேசாக ஏற்றிக்கொண்டே போங்கள்.

பிரஷ் என்பது உண்மையில் ஒரு முத்திரை. அதை நெருக்கமாகக் குத்திக்கொண்டே போவதுதான் கோடு. எஃப்5 அழுத்தி பிரஷ் எடிட்டரைத் திறந்து ஸ்பேசிங்கை, அதாவது முத்திரைகளுக்கு இடையிலான தூரத்தை, கூட்டினால் கோடு பாசிமணி கோத்த மாதிரி பிரிந்துவிடும். குறைத்தால் வழவழப்பாகும், கணினிக்கு வேலையும் கூடும். ஒருமுறை செய்து பார்த்துவிட்டு மேலே கருவிப்பட்டையில் உள்ள ரீலோட் பொத்தானை அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஆறு பிரஷ்

கிரிட்டா தன் பிரஷ்களின் பெயருக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து போட்டு வகைப்படுத்தியிருக்கிறது. ஏ என்றால் அழிப்பான்கள், பி அடிப்படை, சி பென்சில், டி மை, கே கலப்பான்கள். வரிசை புரிந்தால் தேடுவது எளிது. முதல் மாதத்துக்கு இந்த ஆறும் போதும்: பென்சில்-2, பென்சில்-4 சாஃப்ட், இங்க்-2 ஃபைன்லைனர், இங்க்-3 ஜி-பென், சார்கோல் (கரி) பென்சில் மீடியம், பேசிக்-3 ஃப்ளோ.

பென்சில்-2 இந்தத் தொகுப்பின் மாணிக்கம். தாளின் சொரசொரப்பு கோட்டின் ஓரத்தில் தெரியும், அழுத்தத்துக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். லேசாகத் தேடித் தேடி நாலைந்து கோடு போட்டு, அதில் சரியானதை அழுத்தி உறுதிப்படுத்தும் ஸ்கெட்ச் பழக்கத்துக்கு இது கச்சிதம். பென்சில்-4 சாஃப்ட் நிழலுக்கு. இரண்டையும் கலந்து ஒரு பக்கம் நிரப்பினால் பென்சிலைப் பற்றி அறிய வேண்டியது பாதி வந்துவிடும்.

மையில் ஃபைன்லைனர் முதலில், ஜி-பென் பிறகு. ஃபைன்லைனர் அழுத்தினாலும் தடிமன் பெரிதாக மாறாது. அதனால் கோட்டின் திசையை மட்டும் கவனிக்கலாம். ஜி-பென் அழுத்தத்துக்கு ஏற்பக் கூராகவும் கொழுத்தும் மாறும், பார்க்க அழகு. ஆனால் கை நடுக்கத்தை ஒளிக்காது. அங்கேதான் கோட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் வருகிறது. டூல் ஆப்ஷன்ஸில் பிரஷ் ஸ்மூத்திங் என்ற இடத்தில் நன் (எதுவும் வேண்டாம்), பேசிக், வெயிட்டட், ஸ்டெபிலைசர் என்று வழிகள் இருக்கும். நீளமான வளைவை மையிடும்போது ஸ்டெபிலைசர் அற்புதம். கோடு பென்னுக்குச் சற்றுப் பின்னால் நூல் கட்டி இழுத்த மாதிரி வரும். அதையே வைத்துக்கொண்டு குறுக்குக்கோட்டு நிழல் போட்டால் எரிச்சல்தான், சின்ன கோடுகள் முனை மழுங்கி, தாமதமாக விழும். ஸ்கெட்சுக்கு பேசிக், மைக்கு மட்டும் ஸ்டெபிலைசர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். எப்போதும் அதிக ஸ்டெபிலைசரிலேயே பழகினால் முழங்கையிலிருந்து கோடு இழுக்கும் பழக்கம் வராமலே போய்விடும், இது கவலைப்பட வேண்டிய விஷயம்.

கலப்பான்களை முதல் மாதம் தொடாமல் இருப்பது நல்லது. தேய்த்தால் உடனே வழவழப்பு வருகிறது, அதுதான் ஆபத்து. ஒளி எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று முடிவெடுக்காமலே எல்லாவற்றையும் மழுப்பிவிட முடியும். ஏர்பிரஷ்ஷுக்கும் இதே எச்சரிக்கை.

ஒரு கத்தரிக்காய்

பிரஷ்களை ஒப்பிட கத்தரிக்காயைப் போல வசதியான பொருள் இல்லை. வழவழப்பான உடம்பு, பளீரென்ற ஒளித்திட்டு, சொரசொரப்பான காம்பு, முள் உள்ள பச்சைத் தொப்பி, எல்லாம் ஒரே காயில். ஜன்னலோரம் வைத்து, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் படும்படி பாருங்கள்.

முதல் லேயரில் பென்சில்-2. உடம்புக்கு ஒரு பெரிய சாய்ந்த முட்டை, காம்புக்கு ஒரு கோடு, தொப்பியின் நுனிகள் உடம்பின் வளைவைத் தழுவி இறங்குவதைக் கவனித்து வரையுங்கள். தொப்பியைத் தட்டையான நட்சத்திரமாகப் போடுவதுதான் வழக்கமான தவறு. எம் விசையை அழுத்தினால் காட்சி கண்ணாடியில் போலத் திரும்பும், காய் ஒரு பக்கம் சரிந்திருந்தால் அப்போது பளிச்சென்று தெரிந்துவிடும்.

அந்த லேயரின் ஒபாசிட்டியை 30 சதவீதத்துக்கு இறக்கி, மேலே புது லேயர் சேர்த்து ஜி-பென். வெளிச்சம் படும் பக்கம் கோடு மெலிய வேண்டும், தரையில் அமரும் அடிப்பக்கம் கொழுக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டிலேயே காய்க்கு எடை வந்துவிடும். முட்களுக்கு அழுத்தி வைத்து வெடுக்கென்று வெளியே இழுங்கள், நுனி தானாகக் கூராகும்.

மை லேயருக்குக் கீழே மூன்றாவது லேயரில் சார்கோலால் உடம்பின் இருட்டு. அடி விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய பட்டையை மட்டும் சற்று வெளிறலாக விட வேண்டும், தரையிலிருந்து திரும்பி எழும் வெளிச்சம் அங்கே படும். பிறகு ஒளித்திட்டு. பலர் இங்கே வெள்ளை ஏர்பிரஷ்ஷை எடுத்து ஊதிவிடுவார்கள், காய் மேல் பனி படிந்த மாதிரி ஆகும். உற்றுப் பார்த்தால் கத்தரிக்காயின் பளபளப்புக்கு ஓரம் உண்டு. அது ஜன்னலின் வடிவம்தான், வளைந்து படிந்திருக்கிறது. ஈ விசையை அழுத்தினால் கையில் இருக்கும் பிரஷ்ஷே அழிப்பானாக மாறும். சார்கோல் லேயரில் நின்றபடி ஃபைன்லைனரை எடுத்து அளவைக் கூட்டி, ஈ அழுத்தி, அந்தத் திட்டைக் கூரான ஓரத்தோடு வெட்டி எடுங்கள். பிறகு மறக்காமல் மறுபடி ஈ அழுத்துங்கள்.

பிரஷ் வரையவில்லை என்றால்

மறப்பதால் வரும் தொல்லைதான் புதியவர்களிடம் அதிகம் கேட்கும் புகார்: "திடீரென்று பிரஷ் வேலை செய்யவில்லை." பெரும்பாலும் ஈ விசை தவறுதலாக அழுந்தி அழிப்பான் நிலையில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் வரையும் இடத்தைக் கட்டுப்படுத்தும் செலக்‌ஷன் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ மிச்சமிருக்கும், கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஏ அழுத்தினால் அது நீங்கும். லேயர் பூட்டியிருக்கலாம், அல்லது கண் மூடிய லேயரில் வரைந்துகொண்டிருக்கலாம். ஏற்கெனவே வரைந்த இடத்தில் மட்டும் நிறம் விழுந்து காலி இடத்தில் விழவில்லை என்றால் அழிப்பான் குறிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆல்ஃபா பொத்தான் இயங்குகிறது, அதை அணையுங்கள். இந்த வரிசையில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் காரணம் கிடைத்துவிடும். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டியதில்லை.

பக்கவாட்டுப் பலகைகள் காணாமல் போனால் பெரும்பாலும் டேப் விசை அழுந்தியிருக்கும், மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். கிரிட்டாவின் குறை என்று நேராகச் சொல்லக்கூடியது இந்த நெரிசல்தான். பலகை மேல் பலகை, பட்டியலுக்குள் பட்டியல். பிரஷ் எடிட்டரைத் திறந்தால் புதியவருக்கு மூச்சுமுட்டும். முதல் மாதம் அங்கே ஸ்பேசிங்கைத் தவிர எதையும் தொட வேண்டியதில்லை.

நெரிசலைக் குறைக்க மென்பொருளிலேயே நல்ல வழி இருக்கிறது. பிரஷ் மேல் வலது கிளிக் செய்து புது டேக் (பிரஷ்களைத் தொகுக்கும் பெயர்ச்சீட்டு) ஒன்று உருவாக்கி, ஆறு பிரஷ்களையும் அதில் சேருங்கள். கேன்வாஸில் வலது கிளிக் செய்தால் வரும் வட்டத் தட்டில் அந்த டேக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஆறும் நிறச் சக்கரமும் பென் முனைக்கே வந்துவிடும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் பிரஷ் அளவு மாறும், கண்ட்ரோல் அழுத்திச் சொடுக்கினால் நிறத்தை எடுக்கும். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் பக்கப் பலகைகளைப் பார்க்கவே தேவையிருக்காது. வட்டத் தட்டு கிரிட்டாவின் மிகச் சிறந்த அம்சம் என்று தயங்காமல் சொல்லலாம்.

படத்தை முதலில் கேஆர்ஏ வடிவில் சேமியுங்கள், லேயர்கள் அப்படியே இருக்கும். பகிர்வதற்கு மட்டும் எக்ஸ்போர்ட் செய்து ஜேபெக்கோ பிஎன்ஜியோ எடுங்கள். ஜேபெக்கில் மட்டும் சேமித்து மூடினால் பென்சில், மை, சார்கோல் எல்லாம் ஒரே தாளாக ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது.

யாருக்குப் பொருந்தாது

ஐபேட் வைத்திருப்பவர்களுக்குக் கிரிட்டா இல்லை. அவர்களுக்கு ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் ப்ரோகிரியேட் செயலி இருக்கிறது, முகப்பும் எளிமை. ஆண்ட்ராய்டில் கிரிட்டா உண்டு, ஆனால் கணினி முகப்பை அப்படியே சிறுதிரைக்குள் அடைத்திருப்பதால் சாம்சங்கின் எஸ் பென் போன்ற பென் உள்ள பெரிய டேப்லெட்டில்தான் சகிக்கும். போனில் விரலால் வரைபவர் ஐபிஸ் பெயின்ட் செயலிக்குப் போவதே மேல். கணினியும் சின்னதொரு பென் டேப்லெட்டும் இருப்பவருக்கு மட்டும் கிரிட்டாவை முதல் தேர்வாகச் சொல்லலாம்.

இணையத்தில் கிடைக்கும் பிரஷ் பண்டில்களை (தொகுப்புகளை) இறக்கிக் குவிக்க இப்போது அவசரப்பட வேண்டாம். ஆறு பிரஷ்களிலும் சோதனைத் தாள் நிரம்பி, கத்தரிக்காயை ஒவ்வொன்றாலும் ஒருமுறை வரைந்த பிறகு, ஏதாவது ஓரிடத்தில் கை இடறும்: மரப்பட்டையின் வெடிப்பு ஜி-பென்னில் வரவில்லை, ஈரத்தாளில் நிறம் பரவுவது ஃப்ளோவில் கிடைக்கவில்லை. அப்போது உள்ளே ஏற்கெனவே இருக்கும் மீதிப் பிரஷ்களில் அதை மட்டும் தேடுங்கள். இங்க்-4 பென் ரஃப், வாட்டர்கலர் வரிசை என்று பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். கிடைத்ததை டேக்கில் ஏழாவதாகச் சேர்த்து, சோதனைத் தாளில் அதற்கும் ஒரு வரிசை போடுங்கள்.